கை மாறும்வரை

"போதும், எந்திரி. மணி அடிச்சாச்சு."

அவள் எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்த பொம்மையின் நெஞ்சை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"பதினெட்டு, பத்தொன்பது, இருபது..."

ஒன்பதாம் வகுப்புக்கு முதலுதவித் தேர்வு. ஆளுக்கு இரண்டு நிமிடம். வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் அவளுடையது. இப்போது நான்காவது நிமிடத்தில் இருந்தாள்.

விளையாட்டு வாத்தியாருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது.

"உன்னைத்தான் சொல்றேன். பாஸ் போட்டாச்சு, போ."

"இருபத்தஞ்சு, இருபத்தாறு..."

"பெரியப்பா பொழச்சுட்டாருடி, விட்டுடு!" என்றாள் வாசலில் நின்ற தோழி. பொம்மைக்கு வகுப்பு வைத்த பெயர் அது. சாப்பாட்டுப் பைகளோடு நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. நாளைக்குப் பெற்றோர் கூட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வருகிறார். அவர் முன்னால் வாத்தியாரே செய்து காட்ட வேண்டும். டாக்டர் தலையாட்டினால் இந்த வகுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாராவாரம் உண்டு. இல்லையென்றால் அந்த நேரம் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய வகுப்பு. இன்றைக்குப் பார்த்து இவள் மானத்தை வாங்குகிறாள்.

"எல்லாரும் சாப்பிடப் போங்க. இங்க என்ன படமா ஓடுது?"

கூட்டம் கலைந்தது. அவள் ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை. நெற்றி வியர்வை பெரியப்பா மேல் சொட்டியது.

"ஏம்மா, நிறுத்துன்னா நிறுத்த மாட்டியா?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, இன்னொருத்தர் வந்து கை மாத்துற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு?"

சொன்னார்தான். மூன்று தரம் சொல்லியிருந்தார். வகுப்பில் வாயே திறக்காத பெண். எத்தனை அழுத்தம் பார் என்று நினைத்துக்கொண்டார்.

"சரி தாயே, நகரு."

முனகிக்கொண்டே முட்டி போட்டார். அவள் கையை எடுத்ததும் தன் கையை வைத்து அழுத்தினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... போதுமா? திருப்தியா?"

அவள் இன்னொரு தரம் வாசலைப் பார்த்தாள். வராந்தாவில் யாருமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார்... கை கீழ இருக்கு. வயித்துக்கிட்ட. நேத்து செஞ்சு காட்டினப்பவும் அங்கதான் வச்சீங்க."

அவர் கை நின்றது.

"புத்தகத்துல நெஞ்சுக்கு நடுவுலன்னு போட்டிருக்கு சார். இங்க." விரலால் தொட்டுக் காட்டினாள்.

இரண்டு நாள் பயிற்சி முகாமில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கையை மேலே நகர்த்தி அழுத்தினார். நெஞ்சு வாகாக இறங்கி ஏறியது.

"அடிப் பாவி! நாளைக்கு அந்த டாக்டர் முன்னாடி..."

முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிட்டதும் எல்லாரையும் கூட்டிட்டு வா. மறுபடி முதல்லேருந்து சொல்லித் தரேன். ஆமா, இதை நேத்து வகுப்புலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"நாப்பது பேர் இருந்தாங்களே, சார்."