திரைக்கு முன்னால் நின்றவன்

பைபாஸ் விபத்தில் இறந்தவனின் பெயரைச் சேனலுக்குப் போனில் சொல்லிவிட்டு, அவனுடைய போட்டோவை வாங்க நிருபர் எட்வின் அந்த வீட்டுக்குள் நுழைந்தான். போலீஸ் இன்னும் வந்து சொல்லவில்லை என்பது, இறந்தவனின் அம்மா தன்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் எட்வினுக்கு உறைத்தது.

“நீங்க டிவில வாரவருல்லா? உக்காருங்க தம்பி. உங்க சேனலத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

எட்வின் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். திரையின் அடியில் அணை நீர்மட்டம், பால் விலை, அமைச்சர் வருகை என்று வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினைந்து வருடத்தில் அவன் கொடுத்த எந்தச் செய்தியும் பிந்தியதில்லை. சட்டென்று போய் டிவியை மறைத்து நின்றுகொண்டான்.

“சுடலையப் பாக்கவா வந்தீங்க? சாப்பிட வந்துருவான்.”

எட்வினின் முதுகுக்குப் பின்னால் முக்கியச் செய்தியின் இசை அலறியது.

“செத்த தள்ளி நில்லுங்க தம்பி,” என்றாள் அவள், கழுத்தை எட்டிச் சாய்த்தபடி. “மறைக்குல்லா.”