முஆஸுக்கு ஒரு வீடு

வலை இழுத்த றஸீனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனாலும், கூட்டாளிகள் சேர்ந்து போன் விளையாட்டில் கட்டிய நகரத்தில், மௌத்தாகி அடக்கப்பட்ட கூட்டாளி முஆஸுக்கும் ஒரு வீடு வைத்துவிட நினைத்தான். சரிவிலும் நீரிலும் அந்த விளையாட்டு கட்டவிடாது. சமதரையாகப் பார்த்துத்தான் வைத்தான். “நீர்ப்பரப்பு, கட்ட முடியாது” என்று வந்தது.

“தாங்க நானா, ஒங்களுக்குப் பொய் வீடும் கட்டத் தெரியா,” என்று தங்கை நிஃப்லா போனைப் பறித்து, தன் வீட்டை அதே இடத்தில் வைத்தாள். நின்றது. அதை எடுத்துவிட்டு முஆஸின் பெயரில் வைத்தாள்.

“நீர்ப்பரப்பு. ஆழம் மூன்று பாகம்.”

“கடல்காரன் ஆழம் அளக்குற பாகக் கணக்க இதுக்கு ஆரு சொல்லிக்குடுத்த?” என்றாள் நிஃப்லா.

றஸீன் போனைத் திரும்ப வாங்கினான். கண்டக்குழிக் கடலில் முஆஸின் உடலை எடுத்தது மூன்று பாக ஆழத்தில். அன்று போகவேண்டிய முறை றஸீனுடையது. அவன் காய்ச்சலில் படுத்ததால் முஆஸ் மாறிப் போனான். முஆஸுக்கு அவன் ஒரு நாள் கடல்வேலை கடன்பட்டிருந்தான்.