கிளை தாழ்த்திப் பார்த்த காப்பிச் செடி

மலைச்சரிவில் ஒரு காப்பிச் செடி இருந்தது. தன் காலடியில் முளைத்திருந்த கோரைப்புல்லைக் கண்டாலே அதற்கு ஆகாது.

"எனக்குப் போடுற உரத்தையெல்லாம் நீயே தின்னு தீர்க்கிறே" என்று நாள் முழுக்கக் கரித்துக்கொட்டும்.

"மிச்சம் மீதியைத்தான் தின்கிறேன் அக்கா" என்று சொல்லும் புல்.

ஒருநாள் காலையில் களைக்கொல்லி அடிக்க ஆள் வந்தார். காப்பி மேல் மருந்து தெறிக்கக் கூடாதென்று குழாய் முனையைச் சுற்றிக் குடை போல ஒரு மூடி மாட்டி, தரையோடு தரையாக அடித்துக்கொண்டே போனார்.

செடிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புல் படும் பாட்டைக் கிட்டத்தில் பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. அடிக்கிளையை மூடிக்குக் கீழ் வரை தாழ்த்தி எட்டிப் பார்த்தது.

"அக்கா, கிளையைத் தூக்கிக்கோ" என்றது நனைந்துபோன புல்.

"என் கிளை, உனக்கென்ன வந்தது?" என்று செடி சிரித்தது. அதற்குள் அதன் இலைகளில் மருந்துத் துளிகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

செடி பதறிப்போனது. "ஐயோ, நான் காப்பி! களை அதுதான்!"

"அப்படியா?" என்றது ஒரு துளி, இலைக்குள் நிதானமாக இறங்கிக்கொண்டே. "கீழே இருக்கிறதெல்லாம் களைன்னு சொல்லித்தான் எங்களை அனுப்பினாங்க."