இரண்டாவது நிழல்

ஊரைக் கடல் கொண்டுபோன பிறகு, மேட்டில் கட்டிய புதுக் குடியிருப்பில் சுமைராவின் உம்மாவுடையதுதான் முதல் கபர். அடக்கி இரண்டு நாள் ஆகிறது. சுமைராவுக்குத் தூக்கமே இல்லை.

"வாப்பா, முழிச்சிருக்கீங்களா?"

"சொல்லும்மா."

"கிப்லா கோடு நான்தானே போட்டேன்..."

தொழும்போது முகம் திருப்ப வேண்டிய கஅபாவின் திசையை ஒவ்வொரு போனும் ஒவ்வொரு பக்கமாகக் காட்டியது. அதனால் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும் நேரத்தில் கம்பு நட்டு, நிழலைப் பார்த்துக் கோடு போடச் சொன்னது ஜமாஅத். கணக்கில் கெட்டிக்காரி என்று கம்பை அவளிடம் கொடுத்தார்கள். அன்று இரவே உம்மா மவுத்தானார். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கபரில் அவர் முகத்தைத் திருப்பி வைத்தார்கள்.

"அன்னைக்கி சூரியன மேகம் மறச்சிருந்துச்சி, வாப்பா. ஒரு நிழல்தான் விழுந்துச்சி. இன்னைக்கி அதே நேரத்துல பார்த்தா ரெண்டு விழுது. நான் கோடு போட்டது சூரியனோட நிழல்ல இல்ல. ராத்திரி வெளிச்சத்துக்கு வானத்துல நிறுத்தியிருக்காங்களே, அந்தக் கண்ணாடியோட நிழல்ல."

வாப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"யார்ட்டயாவது சொன்னியா?"

"பயமா இருக்கு. உம்மா எங்கயோ பார்த்துப் படுத்திருக்காங்க, வாப்பா."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "பள்ளிவாசல் ஹஜரத்த எழுப்புவோம். மம்பட்டிய எடு."

"பொம்பளப்புள்ள நான் எப்புடி கபரடிக்கு..."

"சரியான நிழல் எதுன்னு ஒனக்குத்தானே தெரியும்?"

"இன்னைக்கி சூரிய நிழல் விழுந்த எடத்துல கல்லு வச்சிருக்கேன்."

வெளியே கண்ணாடி பகலாக எரிந்தது. மறைந்து போக இருட்டே இல்லை. மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, சுமைரா வாப்பாவுக்கு முன்னால் நடந்தாள்.