வாட்ச் இருந்த இடம்

“வெயில் படாம இருக்க கிரீமைக் கை முழுக்கப் பூசச் சொன்னா, மணிக்கட்டைச் சுத்தி மட்டும் பூசியிருக்கீங்க. மிச்சக் கை யாரோடதுங்கய்யா?” என்று டாக்டர் ஹெலன் சிரித்தாள்.

“அது பஸ்ஸுக்குக் குடுத்த கை, டாக்டரம்மா,” என்றார் தவசிமணி.

ஓய்வுபெறும்வரை டிரைவர் ஜன்னலோரம் வெயில் தின்ற வலது கை அது. கறுத்துச் சொரசொரத்துப் போயிருந்தது. போன மாதம்தான் முழங்கைக்குக் கீழே வெயிலால் வந்த ஒரு புற்றுப்புண்ணை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தக் கறுப்பின் நடுவே, மணிக்கட்டைச் சுற்றி மட்டும், நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சுபோல வெளுத்த ஒரு வளையம்.

விடியலில் அவர் வண்டியெடுக்கக் கிளம்பும்போதெல்லாம் மனைவி பவளக்கொடிதான் அங்கே வாட்சைக் கட்டிவிடுவாள். கடைசியாக அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவர் பார்க்க வரும் நேரம் தெரியவேண்டும் என்று அதைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அவளும் வீடு திரும்பவில்லை, வாட்சும் திரும்பவில்லை.

“மொட்டைமாடி வெயில்ல கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களாமே? உங்க மருமக சொல்லிட்டாங்க. இனிமே முழுக்கைச் சட்டை, குடை, கை பூரா கிரீம். ஒழுங்கா இருந்தா கை மொத்தமும் ஒரே நிறத்துக்கு வந்துடும்,” என்றாள் டாக்டர், நல்ல சேதி சொல்வதுபோல.

அதற்குத்தான் அவர் பயந்தார். கறுப்பு போனால் வளையமும் போய்விடும். மடித்திருந்த சட்டைக்கையை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தவர், வளையத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

“நீங்க சொன்னதெல்லாம் செய்யறேன். இது மட்டும் மறையாம இருக்க ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன், டாக்டரம்மா.”