மூன்று மில்லிமீட்டர்

இதயங்களைப் படம்பிடிக்கும் அறையில் ஒரு பழைய கேமரா இருந்தது. நேர் எதிரே நின்று ரத்தக்குழாயை அளந்து சொல்வது அதன் வேலை. ஒருமுறை சொன்ன அளவை அது மாற்றிக்கொண்டதே இல்லை. அதில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று ஓர் இதயம் மூன்றாம் முறையாக வந்தது. முதல் இரண்டு முறையும், "குழாய் மூணு மில்லிமீட்டர் இருக்கு. தாராளமான வழி. போய் நிம்மதியாத் துடி" என்று பழைய கேமரா அதை அனுப்பிவைத்திருந்தது.

"இன்னைக்கும் அதே மூணுதான்" என்றது இப்போது.

புதிதாக வந்திருந்த சுழல் கேமரா இதயத்தைச் சுற்றி வந்தது. பக்கவாட்டுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, குழாய் நாடா மாதிரி நசுங்கிக் கிடக்கு. எதிர்ல பார்த்தா அகலம். இங்கேருந்து பார்த்தா அரை மில்லிமீட்டர்கூட இல்ல. இன்னும் ரெண்டு நாள் தாங்காது."

பழைய கேமராவின் கண் மங்கியது.

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று இதயத்திடம் கேட்டது.

"வலிக்குதுன்னுதானே ஐயா ரெண்டு தடவையும் வந்தேன்" என்றது இதயம். "நீங்க மூணுன்னு சொன்னீங்க. சரி, வலிதான் பொய் சொல்லுது போலன்னு திரும்பிப் போயிட்டேன்."