ஒப்படைப்பு

ஒரு குழந்தையைத் தத்தெடுக்க எழிலரசியும் கணவனும் தங்கள் இரண்டு பிள்ளைகளோடு மூன்று விமானம் மாறி தொலைதூர நாடு ஒன்றுக்கு வந்திருந்தார்கள். காப்பகத்தில் எட்டு மாதம் அதை வளர்த்த பெண், தன் கழுத்தைப் பற்றியிருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழந்தையை எழிலரசியிடம் கொடுத்தாள். உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது. இதற்காக நான்கு வருடம் காத்திருந்த எழிலரசிக்கு, குழந்தையைக் கையில் வாங்கியும் மனதில் எந்த உணர்வும் தோன்றவில்லை.

“அம்மா, அந்த ஆன்ட்டி அழறாங்க. பாப்பாவ அவங்ககிட்டயே குடுத்துடலாம்மா,” என்றாள் ஐந்து வயது நறுமுகை.

“சும்மா இரு கண்ணு,” என்றபடி கணவன் கையெழுத்துப் போட்டான்.

காரில், அழுது ஓய்ந்த குழந்தை எழிலரசியின் தோள்வழியே கட்டடம் மறைந்த திசையையே பார்த்துக்கொண்டு வந்தது. எழிலரசி சாலையைப் பார்த்தாள். அவள் கை மட்டும் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.